‘ரிவர்ட்’ என்றால் பதிலா, பின்வாங்கலா?

சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம். ராஜாஜி சாலைக்குப் பக்கத்தில், கன்டெய்னர் போக்குவரத்துக்கு மென்பொருள் எழுதும் அலுவலகத்தில் நான் புராஜெக்ட் மேனேஜர். வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு பெண் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் எழுதிய புரோகிராமைப் படித்த டீம் லீட், கீழே ஒரு கேள்வி கேட்டு, ‘ப்ளீஸ் ரிவர்ட் பை ஈஓடி’ என்று முடித்திருந்தார். சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும் என்பது லீட் நினைத்தது. புரோகிராம் எழுதுகிறவருக்கோ ரிவர்ட் என்றால் போட்ட மாற்றத்தைத் திரும்ப எடுப்பது. நான்கு நாள் வேலையை அவர் எடுத்துவிட்டார். ராத்திரி வாடிக்கையாளர் சோதித்துப் பார்த்தபோது அந்த வசதியே காணவில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்தார்கள். ‘இங்கிலீஷ் கொஞ்சம் வீக்’ என்று ஒருவர் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் அவர் புரிந்துகொண்டதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள்: முன்பிருந்த நிலைக்குத் திரும்புவது. பதில் எழுதுவது என்பது நம் அலுவலகங்களில் பரவிய பொருள். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை சரியாகப் படித்துத் திட்டு வாங்கியது.

நம்மூர் ஆங்கிலத்தைத் தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. ‘டூ தி நீட்ஃபுல்’ (வேண்டியதைச் செய்யுங்கள்) பிரிட்டிஷ்காரர்கள் எழுதியதுதான். அங்கே வழக்கொழிந்தது, இங்கே தங்கிவிட்டது. ‘பிரிபோன்’ (குறித்த நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவது) நல்ல பயனுள்ள சொல். ஆனால் ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பொருள் இருந்தால் வேலை கெடும். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று நம் பிள்ளைகள் சொல்வது வகுப்பில் சந்தேகம் கேட்கிற அதே மனதோடுதான். தமிழில் சந்தேகம் என்றால் கேள்வியும் உண்டு, நம்பாமையும் உண்டு. லண்டனில் இருப்பவர் காதில் இரண்டாவதுதான் விழுகிறது. தன் பேச்சை இவர் நம்பவில்லை என்று முகம் மாறுகிறது. ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்றால் போதும்.

ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களுக்குள்ளேயே இந்தச் சிக்கல் உண்டு. ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வோம் என்றால் பிரிட்டனில் இப்போது பேச எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது. ‘பைவீக்லி’ என்றால் வாரம் இரண்டு முறையா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையா? அகராதியிலேயே இரண்டும் இருக்கிறது. ஈஓடி யாருடைய நாள் முடிவு? லண்டனில் சாயங்காலம் 5.30 என்றால் கோடையில் நமக்கு ராத்திரி 10 மணி, குளிர்காலத்தில் 11. நேரத்தை எண்ணில் எழுதுங்கள், எந்த ஊர் நேரம் என்றும் எழுதுங்கள்.

என் அப்பா துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டும் வேலை பார்த்தவர். ஒரு சைகைக்கு ஒரே பொருள்தான். மேலே இருப்பவருக்குச் சைகை புரியவில்லை என்றால் கொக்கியை அசைக்கவே மாட்டார், மறுபடி காட்டும்வரை காத்திருப்பார். அதை யாரும் ‘வீக்’ என்று சொன்னதில்லை.

இப்போது அஜைல், ஸ்க்ரம் விஷயத்துக்கு வருகிறேன். மென்பொருளைச் சின்னச் சின்னப் பகுதிகளாகச் செய்து, அடிக்கடி காட்டித் திருத்திக்கொள்ளும் போக்குதான் அஜைல். அப்படி வேலை செய்ய ஒரு வழிமுறை ஸ்க்ரம். இங்கேயும் சொல்தான் கெடுக்கிறது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். முறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் முக்கியம் என்பதுதான் அதன் முதல் வரி. நான் பார்த்த பல டீம்களில், ஒவ்வொரு வேலைக்கும் கம்ப்யூட்டரில் போடும் டிக்கெட்டின் நிறம் மாறியதா என்பதைத்தான் கேட்கிறார்கள். அந்த ஆள் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேட்பதில்லை. டெய்லி ஸ்க்ரம் என்பது வேலை செய்கிறவர்கள் அன்றைய வேலையைத் தங்களுக்குள் திட்டமிடும் 15 நிமிடம். அதை மேனேஜருக்கு ஆஜர் சொல்லும் முக்கால் மணி நேரமாக்கிவிட்டோம்.

ஸ்டோரி பாயின்ட் இன்னும் மோசம். வேலை எவ்வளவு பெரிது என்று டீம் போடுகிற உத்தேசக் கணக்கு அது. ஸ்க்ரம் முறைக்கு அடிப்படையான கையேடு, ஸ்க்ரம் கைடு. அதில் ஸ்டோரி பாயின்ட் என்ற சொல்லே கிடையாது. பாயின்ட்டை அப்ரைசலில் (ஊழியர் மதிப்பீட்டில்) சேர்த்த இடத்தில், மூன்று பாயின்ட் வேலை அடுத்த மாதமே ஐந்தாகும், ஐந்து எட்டாகும். வேலை அதேதான். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் எனக்குக் கோபம் வருவது ‘கமிட்மென்ட்’ என்ற சொல்லில்தான். நம் வீடுகளில் கமிட்மென்ட் என்றால் கடன், தங்கச்சி கல்யாணம், கொடுத்த வாக்கு. ஸ்பிரின்ட்டுக்கு (ஒரு மாதத்துக்கு மேற்போகாத ஒரு வேலைச் சுற்றுக்கு) எடுத்த வேலைகளைப் பற்றிப் பேசும் இடத்தில் ஸ்க்ரம் கைடு 2011-லேயே அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘ஃபோர்காஸ்ட்’ என்று மாற்றியது. ஃபோர்காஸ்ட் என்றால் முன்கணிப்பு. புயல் வரும் என்று சொன்ன வானிலை மையம் புயலைக் கொண்டுவந்து தர வேண்டியதில்லை. ஆனால் ‘நீதானே கமிட் பண்ணின’ என்று கேட்டால், தண்டையார்பேட்டையிலிருந்து வந்த பையன் கடைசி மெட்ரோவையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். வாக்குத் தவறியதாக நினைத்துக் குறுகிப்போகிறான். வேலை தள்ளிப்போகும் என்று மூன்றாம் நாளே தெரிந்தாலும் சொல்ல மாட்டான்.

சனிக்கிழமைகளில் புதுவண்ணாரப்பேட்டையில் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு நான் வகுப்பெடுக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு மெயில் கொடுத்து, அதில் யார், என்ன, எத்தனை மணிக்குள் செய்ய வேண்டும் என்பதை முதலில் தமிழில் எழுதச் சொல்வேன். எழுத முடியாத இடத்தில் மெயிலில் தெளிவில்லை என்று பொருள். அதைத்தான் திருப்பிக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு வரியும் சொல்லிக்கொடுக்கிறேன்: ‘டூ யூ வான்ட் அ ரிப்ளை, ஆர் ஷுட் ஐ அன்டூ தி சேஞ்ச்?’ போன மாதம் அந்த வியாசர்பாடிப் பெண்ணே வகுப்புக்கு வந்து அந்த வரியைப் போர்டில் எழுதினார். அவர் இப்போது ஆறு பேருக்கு லீட்.