ஸ்டார்ஃப்ளீட்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கு ஸ்டார்ஃப்ளீட் பழகிய பெயர். அந்தக் கதையுலகில் பல கோள்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை வைத்திருக்கின்றன. விண்வெளியை ஆராய்வது, புது உயிரினங்களோடு முதன்முதலில் பேசுவது, தூது போவது, வம்பு வந்தால் சண்டை போடுவது எல்லாமே அந்தக் கூட்டமைப்பின்கீழ் இயங்கும் ஸ்டார்ஃப்ளீட் என்ற ஒரே அமைப்பின் வேலை. தலைமையகமும் பயிற்சிக் கல்லூரியும் சான்பிரான்சிஸ்கோவில்.

1966 செப்டம்பரில் தொடர் தொடங்கியபோது பெயரே முடிவாகவில்லை. கதை நடக்கும் எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பல் எந்த அமைப்பைச் சேர்ந்தது என்பதற்குக் கதைக்குக் கதை பதில் மாறியது. ஓரிடத்தில் 'ஐக்கிய பூமி விண் ஆய்வு முகமை' என்றுகூட வருகிறது. முதல் பருவம் முடிவதற்குள் ஸ்டார்ஃப்ளீட் நிலைத்துவிட்டது.

'ஸ்டார்' என்றால் விண்மீன். 'ஃப்ளீட்'தான் கவனிக்க வேண்டியது. பழைய ஆங்கிலத்தில் 'மித' என்ற பொருள் தரும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. முதலில் மிதக்கும் கலத்தைக் குறித்து, பிறகு கலங்களின் கூட்டத்துக்குப் பெயரானது. ஆகவே அந்தச் சொல்லுக்குள் இருப்பது கப்பல்தான், சிப்பாய் அல்ல. தொடரும் கடற்படை வாசனையோடுதான் இருக்கிறது. என்சைன், லெப்டினன்ட், கமாண்டர், கேப்டன், அட்மிரல் என்று பதவிகள் அப்படியே வரிசை கட்டும். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானி. இருந்தும் விமானப்படையை விட்டுவிட்டுக் கப்பல் மரபைத்தான் எடுத்துக்கொண்டார். ஆண்டுக்கணக்கில் கரை திரும்பாத பயணத்துக்கு அதுதான் பொருத்தம்.

சரி, இது ராணுவமா? இல்லை என்று 1989-இல் ஒளிபரப்பான ஒரு கதையில், பின்னால் வந்த இரண்டாவது தொடரில் எண்டர்பிரைஸின் தலைவரான கேப்டன் பிக்கார்டே சொல்கிறார், ஆராய்ச்சிதான் நோக்கமாம். ஆனால் கப்பல் நிறைய ஏவுகணை, ராணுவ நீதிமன்றம், போர் வந்தால் முன்வரிசை. எனக்கென்னவோ அவர் பேச்சில் பாதியைத்தான் நம்ப முடிகிறது.

இந்த இரட்டை வேடம் தமிழாக்கத்திலும் தெரிய வேண்டும். 'விண்மீன் படை' என்பது சொல்லுக்குச் சொல் வைத்தது. விண்மீன்களே ஆயுதம் எடுத்து வருவதுபோல் இருக்கிறது. 'விண்வெளிப் படை' அமெரிக்கா 2019 டிசம்பரில் நிஜமாகவே தொடங்கிய படைப்பிரிவுக்குப் போய்விட்டது. 'விண்வெளிக் கடற்படை'யில் கடல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ஆராய்ச்சியை முன்னிறுத்தி 'விண்ணாய்வுப் பணி' என்றால் அரசாணை வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

என் தேர்வு 'விண்கலப்படை'. சந்திரயானுக்கே நாளிதழ்கள் எழுதும் சொல் விண்கலம். அதில் இருக்கும் 'கலம்' மரக்கலம் என்ற பழைய வழக்கிலும் கப்பலையே குறிப்பது. 'ஃப்ளீட்' தரும் கப்பல் மணம் அதிலேயே வந்துவிடுகிறது. 'படை' என்றால் ராணுவம் ஆகிவிடாதா என்று தயங்க வேண்டாம். தீயணைப்புப் படையிடம் துப்பாக்கி கிடையாது. தேர்தல் நேரத்துப் பறக்கும் படை போருக்குப் போவதில்லை. ஒழுங்கோடும் சீருடையோடும் ஒரு பணிக்குத் திரண்டவர்களையும் தமிழ் படை என்றே சொல்கிறது, வேண்டும்போது போர்ப் பொருளும் கைவசம் இருக்கிறது. பிக்கார்டின் தர்மசங்கடத்துக்கு இதைவிட வசதியான சொல் ஆங்கிலத்திலேயே இல்லை.

ஒரு எச்சரிக்கை: இரண்டு சொற்களையும் முன்பின்னாக மாற்றிவிட்டால் 'படைக்கலம்', அதாவது ஆயுதம், ஆகிவிடும். 'விண்' என்பதை விழுங்கிவிட்டுப் படித்தால் கலப்படம் நினைவுக்கு வரும்.

மற்றவை இதிலிருந்தே கிடைக்கும்: விண்கலப்படைத் தலைமையகம், விண்கலப்படைக் கல்லூரி. பதவிப் பெயர்களை மட்டும் கேப்டன், அட்மிரல் என்றே விடலாம். நம் கடற்படைச் செய்திகளிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கேப்டனுக்கு 'மீகாமன்' என்று வைக்க ஆசை வரும். ஆனால் கலத்தைச் செலுத்துபவர் என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதால், முதல் தொடரின் கேப்டன் கிர்க்கைவிட, அவர்கீழ் எண்டர்பிரைஸை ஓட்டும் சூலுவுக்குத்தான் அது நன்றாகப் பொருந்தும். கப்பலின் பதிவு எண்ணான என்.சி.சி.-1701-ஐ மட்டும் தொடாதீர்கள், தேசிய மாணவர் படை என்று யாராவது விரித்து எழுதிவிடப் போகிறார்கள்.