கோமாரி ஊசிக்குப் பட்டா தேவையில்லை

தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019இல் தொடங்கியது. அதன்படி மாடுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை கோமாரி (வாயிலும் காலிலும் புண் வரும் தொற்றுநோய்) ஊசி. 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு (பெண் கன்றுகளுக்கு) ஆயுளில் ஒரே ஒரு கருச்சிதைவு நோய் (புருசெல்லோசிஸ்) ஊசி. இரண்டும் இலவசம். நிலமே இல்லாமல் ஒற்றை மாடு வளர்ப்பவருக்கும் உண்டு. யாராவது பட்டா, சிட்டா கேட்டால், எந்த விதி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கறப்பதும் சாணி அள்ளுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். மாட்டின் பதிவிலோ வெளியூரில் வேலை பார்க்கும் கணவரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும். மாட்டின் காதில் அடையாள எண் உள்ள காதுவில்லை போடும்போதே, மாட்டைப் பார்த்துக்கொள்பவரின் பெயரையும் எண்ணையும் பதியச் சொல்லுங்கள். சந்தையில் வாங்கிய மாடு என்றால் பழைய உரிமையாளரின் பெயரை உடனே மாற்றிவிடுங்கள். வில்லை அறுந்து விழுந்தால் கால்நடை மருந்தகத்துக்கும், காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் அன்றே எழுதிக் கொடுங்கள். மாடு செத்த பிறகு வில்லை இல்லை என்று சொன்னால் இழப்பீடு கிடைப்பது கடினம்.

ஊசி போடும் முகாம் காலையில் நடக்கும். கூலிக்குப் போகும் பெண்ணால் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. மறுநாள் மருந்தகத்துக்குப் போனால், “ஒரு மாட்டுக்காகக் குப்பியைத் திறக்க முடியாது, அடுத்த முகாமுக்கு வாங்கம்மா” என்பார்கள். அடுத்த முகாம் ஆறு மாதம் கழித்து! கோமாரி அதுவரை காத்திருக்குமா? விடுபட்ட மாடுகள் உள்ள நாலைந்து வீட்டார் சேர்ந்து போய்த் தேதி கேளுங்கள். கூட்டமாகப் போனால் குப்பி திறக்கும். கன்று ஈனும் நாள் நெருங்கிவிட்டது என்று ஊசியைத் தள்ளிவைத்தால், ஈன்ற பிறகு எப்போது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்டால் இரண்டொரு நாள் பால் குறையலாம். அதற்குப் பயந்து மாட்டை ஒளித்து வைக்காதீர்கள்.

கருச்சிதைவு நோய் ஊசியை எட்டு மாதத்துக்குள் போட்டாக வேண்டும். கிடேரி பிறந்த தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இந்த நோய் மனிதருக்கும் தொற்றும். கரு கலைந்த மாட்டின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப்போடும் பெண்ணுக்குத்தான் முதல் ஆபத்து. அவரிடம் இதை யாரும் சொல்வதில்லை. கையுறை போடுங்கள், பாலைக் காய்ச்சிக் குடியுங்கள், கரு கலைந்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

மருந்தகத்தில் அலையவிட்டால் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநருக்கு மனு கொடுங்கள். அங்கும் பதில் இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டம். காதுவில்லையின் 12 இலக்க எண்ணை மனுவில் எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.