தள்ளும் விசையே பிரேக் ஆகும் விதம்

மும்பையிலிருந்து ஒரு சின்னப் பாய்மரப் படகை ட்ரெய்லரில் ஏற்றி, காரில் பூட்டி, லோணாவளா தாண்டி பவனா நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். படகும் ட்ரெய்லரும் சேர்ந்து 400 கிலோ, கார் 1,200 கிலோ. இவ்வளவு லேசான வண்டிக்குத் தனி பிரேக் எதற்கு என்று செம்பூர் நண்பர்கள் கேட்பதுண்டு. ஐரோப்பாவிலும் மொத்த எடை 750 கிலோவுக்குள் இருந்தால் ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயமில்லை. ஆனாலும் போடுவது நல்லது என்பதே என் கட்சி.

60 கி.மீ. வேகத்தில் போகும் அந்தக் கார், அவசர பிரேக்கில் தனியாக 20 மீட்டரில் நிற்கும் என்றால், பிரேக் இல்லாத ட்ரெய்லரோடு 26 மீட்டருக்கு மேல் ஆகும். அந்த ஆறு மீட்டரைவிடப் பெரிய கவலை ஹிட்ச்சில், அதாவது காரையும் ட்ரெய்லரையும் பூட்டும் இணைப்பில், வரும் தள்ளல். ஏறக்குறைய 200 கிலோ எடைக்குச் சமமான விசை காரைப் பின்னாலிருந்து முட்டும். நேர்சாலையில் சமாளித்துவிடலாம். மழையில் நனைந்த வளைவில் அதே விசை காரின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். தாராவியில் சுமையேற்றிய ஹாத்காடியை, அதாவது கைவண்டியை, இறக்கத்தில் இழுத்துப்போகிறவர், முதுகைப் பின்னால் சாய்த்துக் காலை ஊன்றித் தாங்குகிறாரே, அந்தத் தள்ளல்தான் இது.

ஓவர்ரன் பிரேக் என்ற ட்ரெய்லர் பிரேக் இந்தத் தள்ளலையே வேலைக்கு வைத்துக்கொள்கிறது. ஹிட்ச்சோடு சேர்ந்த தண்டு ஒரு குழாய்க்குள் சில சென்டிமீட்டர் முன்பின் நகரும். கார் வேகம் குறைந்ததும் ட்ரெய்லர் முன்னால் நெருக்கும். தண்டு உள்ளே போய் ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் கேபிள்களை இழுக்க, சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் பிரேக் ஷூக்கள் விரிந்து அதை உரசிப் பிடிக்கும். காரிலிருந்து ஒயரும் வேண்டாம், பிரேக் ஆயிலும் வேண்டாம். தள்ளல் கூடினால் பிரேக் இறுகும். பிரேக் பிடித்ததும் தள்ளல் குறையும், பிடியும் தளரும். தன்னைத்தானே அளந்துகொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. சின்னச் சின்ன உதறலுக்கெல்லாம் பிரேக் விழாமலிருக்க உள்ளே அதிர்வைத் தணிக்கும் ஒரு டேம்பர் உண்டு.

பழைய ட்ரெய்லரில் இதைப் பொருத்தும்போது ஹிட்ச்சின் எடை வரம்பைப் பார்க்க வேண்டும். 1,500 கிலோ வண்டிக்கான ஹிட்ச்சை 400 கிலோவில் மாட்டினால், தள்ளல் போதாமல் பிரேக்கே விழாமல் போகலாம். பிரேக் ஷூக்களைத் தாங்கும் தகட்டைப் பொருத்த அச்சில் இடமில்லையென்றால் பெரும்பாலும் அச்சையே மாற்றுவதுதான் சரி.

ரிவர்ஸ் எடுக்கும்போதும் கார் ட்ரெய்லரைத் தள்ளத்தானே செய்கிறது, அப்போதும் பிரேக் விழுமே? விழும். அதனால் சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் ஒரு ஷூ தானே விலகிக்கொடுக்கும்படி செய்கிறார்கள். எளிய வகைகளில் இறங்கிப்போய்க் கையால் ஒரு பூட்டைப் போட வேண்டும்.

திரும்பும் வழியில் போர் காட் என்ற மலைப்பாதையின் இறக்கம். கண்டாலாவிலிருந்து கோபோலிக்குள் சுமார் 500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். 400 கிலோ அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், அதே எடையை 60 கி.மீ. வேகத்திலிருந்து 35 முறை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும்; மீதி சூடாகத்தான் மாறும். கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடித்தாலும் ட்ரெய்லர் நெருக்கிக்கொண்டேதான் இருக்கும். பெடலைத் தொடாமலே அதன் டிரம்கள் சூடேறியிருக்கும். இடையில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

படகு ட்ரெய்லருக்கு இன்னொரு தொல்லை தண்ணீர். சூடான ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியை, அப்படியே தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை பேரிங்குக்குள் இழுத்துவிடும். கிரீஸ் கெடும், பேரிங் துருப்பிடிக்கும். சக்கரத்து நடுவில் கை வைத்தால் சுடாத வரை காத்திருந்து இறக்குங்கள். கடலில் இறக்கியிருந்தால் அன்றைக்கே டிரம்முக்குள் நல்ல தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். ஷூவின் மேல் உரசும் பட்டையான லைனிங் நனைந்திருந்தால் முதலில் சரியாகப் பிடிக்காது. கரையேறியதும் மெதுவாகப் போய் நாலைந்து முறை பிரேக் போட்டு உலர்த்திவிட்டு, அப்புறம் நெடுஞ்சாலை ஏறலாம்.