கூட்டத்தில் தனித்துத் தெரியாத உலாவி

ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது அந்தச் செய்தி மட்டும் நம் கணினிக்கு வருவதில்லை. விளம்பர நிறுவனங்களும் கணக்கெடுப்பு நிறுவனங்களும் எழுதிய நிரல்கள் பலவும் அதனுடன் சேர்ந்தே வருகின்றன. நேற்று சமையல் குறிப்பு படித்தவரும் இன்று சர்க்கரை நோய் பற்றிப் படிப்பவரும் ஒரே ஆள்தான் என்று கண்டுகொள்வது அவற்றின் வேலை. நம் உலாவியில் ஓர் அடையாள எண்ணை எழுதி வைப்பது அதற்கு ஒரு வழி. எதையும் எழுதாமல், உலாவியின் இயல்புகளைக் கொண்டே அதை இனங்காண்பது இன்னொரு வழி.

முதல் வழிக்குக் கருவி குக்கி. 1994-இல் உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி அதை உருவாக்கியபோது, இணையக் கடையில் நாம் எடுத்து வைத்த பொருள்களைத் தளம் மறந்துவிடக் கூடாது என்பது போன்ற எளிய தேவைகளே இருந்தன. பக்கத்துக்குள் நுழையும் மூன்றாம் தரப்பினரும் தங்கள் குக்கியை வைக்க முடிந்ததால், அது தளம் தளமாகப் பின்தொடரும் கருவியாயிற்று. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020-இல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை அடியோடு தடுத்தது. பயர்பாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் குக்கிப் பெட்டகம் வைத்து, ஒன்றில் வைத்ததை மற்றொன்றில் படிக்க முடியாமல் செய்கிறது. குரோமும் மூன்றாம் தரப்புக் குக்கிகளைக் கைவிடப்போவதாக 2020-இல் அறிவித்தது. 2024-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பர வருமானத்தில் வாழும் கூகுளின் உலாவியிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

குக்கியைத் தடுத்தாலும் இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது. திரையின் அளவு, நேர மண்டலம், மொழி விருப்பம், வரைகலைச் சில்லு, நிறுவியுள்ள எழுத்துருக்கள் ஆகிய ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் அற்பமான தகவல். சேர்த்துப் பார்த்தால் கைரேகை. எழுத்துருக்களின் பட்டியலை யாரும் நம்மிடம் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் ஒரே சொல்லை வெவ்வேறு எழுத்துருக்களில் எழுதச் சொல்லி, அகலத்தை அளந்து பார்க்கிறது நிரல். அகலம் மாறினால் அந்த எழுத்துரு கணினியில் இருக்கிறது என்று பொருள். தட்டச்சு வேலைக்காகப் பாமினி என்ற தமிழ் எழுத்துருவை நிறுவி, உலாவியின் மொழியைத் தமிழாக்கி, கொழும்பு நேரத்தில் கணினியை வைத்திருக்கும் ஒருவர், உலகக் கணக்கில் எத்தனை அரிதானவர் என்று எண்ணிப் பாருங்கள். இதே போல, மறைவாக ஒரு படத்தை வரையச் சொல்லி, அதன் புள்ளிகளில் சில்லுக்குச் சில்லு ஏற்படும் நுண்ணிய வேறுபாட்டைப் படித்துக்கொள்ளும் உத்தியும் உண்டு. இணைய உரிமைகளுக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த ஏறத்தாழ 4,70,000 உலாவிகளில் 83.6 சதவீதத்தின் கைரேகை வேறெதனுடனும் பொருந்தவில்லை.

இதை எதிர்கொள்வதில் உலாவிகளுக்குள் இரு கொள்கைகள் உள்ளன. அடையாளத்தை மறைத்து உலாவுவதற்கென உருவான டோர் உலாவியும், டோர் குழுவினருடன் சேர்ந்து 2023-இல் வெளிவந்த முல்வாட் உலாவியும் தம் பயனர்கள் எல்லோரையும் ஒரே முகமாகக் காட்ட முயல்கின்றன: பக்கம் தெரியும் பரப்பைக் குறிப்பிட்ட அளவுகளுக்கு வெட்டி, நேர மண்டலத்தைப் பொதுவான உலக நேரமாகச் சொல்லி, எழுத்துருக்களில் சிலவற்றை மட்டுமே வெளியே காட்டுகின்றன. பிரேவ் இதற்கு நேர்மாறானது. அளவீடுகளில் சிறு பொய்களைக் கலந்து, தளத்துக்குத் தளம் வேறு கைரேகையைக் கொடுக்கிறது. முதல் கொள்கை வலுவானது. ஆனால் சாளரத்தைப் பெரிதாக்கினாலும் புதிய நீட்சிகளை, அதாவது உலாவியுடன் இணைக்கும் சிறு நிரல்களை, சேர்த்தாலும் அந்தப் பொது முகம் கலையத் தொடங்குகிறது. பாதுகாப்புக்கென ஏழெட்டு நீட்சிகளைக் குவிப்பவர் பல நேரங்களில் தம்மையே அடையாளம் காட்டிக்கொள்கிறார்.

மேசைக் கணினியில் அன்றாட வேலைக்கு, விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற ஒரே நீட்சியுடன் பயர்பாக்ஸ் போதும் என்பது என் கருத்து. நீட்சிகளுக்கான விதிகளைக் குரோம் மாற்றியதால் அந்த நீட்சியின் முழு வடிவம் அங்கே இனி இயங்குவதில்லை. பயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைப்பதற்குக் கூகுள் தரும் பணம் என்பது இதில் உள்ள நகைமுரண். நிறுவியதும் எதையும் தொடாமல் பயன்படுத்த விரும்புவோருக்குப் பிரேவ் பொருந்தும்.

கைப்பேசியில் கணக்கு மாறுகிறது. ஐபோனில், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-இலும் ஜப்பானில் 2025-இலும் அளிக்கப்பட்ட விதிவிலக்குகள் நீங்கலாக, எல்லா உலாவிகளும் பக்கங்களைத் திரையில் காட்டுவதற்கு ஆப்பிளின் வெப்கிட் இயந்திரத்தையே பயன்படுத்த வேண்டும் என்பது விதியாக இருந்துவருகிறது. அதனால் அங்கே பயர்பாக்ஸின் உள்ளே ஓடுவதும் சஃபாரியின் இயந்திரம்தான். ஒரே மாடல் ஐபோன்கள் வன்பொருளில் ஒன்றுபோலவே இருப்பதால் கூட்டத்தில் கரைவதும் அங்கே சற்று எளிது. ஆகவே சஃபாரியே பெரும்பாலோருக்குப் போதும். ஆண்ட்ராய்டில் திரைகளும் சில்லுகளும் பல விதம், குரோமில் நீட்சிகளுக்கு இடமில்லை. பயர்பாக்ஸிலோ யூபிளாக் ஆரிஜின் அப்படியே இயங்குகிறது.

எந்த உலாவியிலும் உள்ள மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ) வேறு வேலைக்கானது. வரலாற்றையும் குக்கிகளையும் மூடும்போது அழித்து, அதே கருவியைத் தொடும் அடுத்தவரிடமிருந்து அது நம்மை மறைக்கிறது. இணையச் சேவை நிறுவனத்திடமிருந்து மறைப்பதில்லை.

இத்தனையும் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகும், சமூக ஊடகச் செயலிக்குள் ஓர் இணைப்பைத் தொட்டால் பெரும்பாலும் நம் உலாவி திறப்பதில்லை. அந்தச் செயலியின் சொந்தச் சாளரமே திறக்கிறது. அதன் வழியே செயலிகள் தங்கள் நிரலைப் பிறர் தளங்களுக்குள் செருக முடியும் என்பதையும், இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் ஐபோனில் அப்படிச் செருகியதையும் ஆய்வாளர் ஃபெலிக்ஸ் கிராஸ் 2022-இல் காட்டினார். எனவே, வெளி உலாவியில் திறக்கும் தெரிவு செயலியின் அமைப்புகளில் இருந்தால் அதை இயக்கி வைப்பதும், இல்லையென்றால் முகவரியை நகலெடுத்து நம் உலாவியில் ஒட்டுவதும் நல்லது.