‘ஹாஷ் பண்ணியாச்சு மேடம்’

‘ஹாஷ் செய்துவிட்டோம், ஆளைக் கண்டுபிடிக்க முடியாது’ என்ற பதிலைத் தணிக்கையில் கேட்பது இந்த ஆண்டில் இது ஆறாவது முறை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாலைந்து ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு பரிசோதனைக் கூடம். அவர்களுடைய மென்பொருளைப் பாதுகாப்புத் தணிக்கை செய்யப் போயிருந்தேன். இரண்டு வருடத்துச் சோதனை முடிவுகளை ஒரே கோப்பாகத் தொகுத்து, ஆராய்ச்சிக்கு என்று கேட்ட மூன்று நிறுவனங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெயரை எடுத்துவிட்டார்கள். கைபேசி எண் இருந்த இடத்தில் 64 எழுத்து நீளத்துக்குப் புரியாத ஒரு சரம். அதன் தலைப்பு ‘அனானிமஸ் ஐடி’.

“இதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா தம்பி?” என்று அதைத் தயாரித்த டெவலப்பரிடம் கேட்டேன்.

“முடியாது மேடம். ஹாஷ் பண்ணியாச்சு. ஷா-256. ஒன்-வே ஃபங்ஷன், திருப்பவே முடியாது.”

ஹாஷ் என்பது எந்த விவரத்தையும் குறிப்பிட்ட நீளத்தில் புரியாத ஒரு சரமாக மாற்றும் கணக்கு, ஷா-256 அதில் ஒரு வகை. என் மடிக்கணினியில் அந்தக் கோப்பை ஏற்றினேன். அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே எல்லாச் சரங்களும் பத்து இலக்க எண்களாகத் திரும்பி வந்தன. அவர் நம்பவில்லை. தன் எண்ணைத் தேடச் சொன்னார். இருந்தது. போன ஜூனில் தன் அலுவலகத்திலேயே ரத்தம் கொடுத்திருக்கிறார், மூன்று சோதனைகள். முடிவுகள் கண்ணில் படுவதற்குள் திரையைச் சாய்த்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பையன் வெகுநேரம் பேசவில்லை.

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நேர்முகத் தேர்விலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்: ‘ஹாஷ் ஒருவழிப் பாதை. போனால் திரும்ப முடியாது.’ இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை நோயாளிகளின், மாணவர்களின், கடன் வாங்கியவர்களின் விவரங்களை வெளியே அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் போகிறது. ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தெரிந்தவர்களும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மாவு மில்லுக்குப் போயிருப்பீர்கள். அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க யாராலும் முடியாது. அது உண்மை. ஆனால் ஊரில் மொத்தமே நான்கு வகை அரிசிதான் விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவு எந்த அரிசியினுடையது என்று கண்டுபிடிக்க மாவை அரிசியாக்க வேண்டிய அவசியமே இல்லை. நான்கையும் வாங்கி, அதே மில்லில் அரைத்து, எது உங்கள் மாவோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் போதும். ஹாஷும் அப்படித்தான். ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை வரும், மில்லும் ஊருக்கெல்லாம் பொது. எவரும் திருப்பிப் போக முயல்வதில்லை. முன்பக்கமாகவே எல்லாவற்றையும் அரைத்துப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை வகை அரிசி இருக்கிறது?

இந்தியக் கைபேசி எண் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்று. ஆக மொத்தம் 400 கோடிச் சாத்தியங்கள். மனிதருக்கு இது பெரிய எண், கணினிக்குச் சிறியது. வீடியோ கேம் ஆட வாங்கும் உயர்ரக கிராபிக்ஸ் கார்டு, 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 போன்றது, நொடிக்கு 2,000 கோடிக்கு மேல் ஷா-256 கணக்கிடும். அதாவது நாட்டில் இருக்கக்கூடிய எல்லாக் கைபேசி எண்களையும் அரைத்து முடிக்க ஒரு நொடிகூட வேண்டாம். கார்டே இல்லாத சாதாரண அலுவலக மடிக்கணினியும் நிமிடக்கணக்கில் முடித்துவிடும்.

‘ஆதார் எண் 12 இலக்கம் ஆச்சே’ என்பார்கள். 12 இலக்கம்தான். ஆனால் முதல் இலக்கம் 0, 1 ஆகாது. கடைசி இலக்கம் தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்கான சோதனை இலக்கம், நெதர்லாந்துக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறைப்படி மற்ற பதினொன்றிலிருந்து கிடைப்பது. மிச்சம் 8,000 கோடி. அதே கார்டில் நான்கு நொடி. பான் எண்ணில் எழுத்தும் இலக்கமும் கலந்திருப்பதால் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. தனிநபர் பானில் நான்காவது எழுத்து எப்போதும் ‘பி’, ஐந்தாவது குடும்பப் பெயரின் முதல் எழுத்து. முழுசாகக் கணக்குப் போட்டாலும் 12,000 கோடிக்குக் கீழே. பிறந்த தேதியை ஹாஷ் செய்து அனுப்பியவரையும் பார்த்திருக்கிறேன். நூறு வருடத்துக்கு 36,525 நாட்கள், அவ்வளவுதான்.

ஷா-256 பலவீனமானது என்று நான் சொல்லவில்லை. 2001-இல் வந்த அந்த அல்காரிதத்தை இன்றுவரை யாரும் உடைக்கவில்லை. அதை ஷா-512 ஆக மாற்றினாலும் இந்தச் சிக்கல் இம்மியும் குறையாது. குறை மில்லில் இல்லை, அரிசி நான்கே வகையாக இருப்பதில் இருக்கிறது. தணிக்கை அறிக்கையில் நான் இதை எழுதினால், மறுவாரம் ‘ஷா-512 போட்டுட்டோம் மேடம், குளோஸ் பண்ணிடுங்க’ என்று டிக்கெட் திரும்பி வருகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

‘முதல் எட்டு எழுத்தை மட்டும் வெட்டி வைத்திருக்கிறோம்’ என்பது இன்னொரு சமாதானம். ஹாஷ் சரத்தின் ஒவ்வோர் எழுத்தும் 16 குறிகளில் ஒன்று, எட்டு எழுத்து என்றால் சுமார் 429 கோடி விதம். கைபேசி எண்ணோ 400 கோடி. ஒவ்வொரு துண்டுக்கும் சராசரியாக இரண்டு எண்தான் பொருந்தும், அதில் ஒன்று உங்கள் நோயாளி.

‘சால்ட் சேர்த்திருக்கிறோம்’ என்பது மூன்றாவது. சால்ட் என்பது ஹாஷ் செய்யும் முன் எண்ணோடு சேர்க்கும் கூடுதல் எழுத்துகள். எல்லா வரிக்கும் ஒரே சால்ட், அதுவும் மென்பொருள் கோடிலேயே எழுதி, கோடைச் சேமித்துப் பகிரும் கிட்டில் (Git) ஏற்றி வைத்திருப்பார்கள். வரிக்கு ஒரு சால்ட் என்று ஒழுங்காகவே செய்திருந்தாலும், அந்த சால்ட் பக்கத்து நெடுவரிசையில் கிடந்தால் வரிக்கு ஒரு நொடிக்குள் வேலை முடியும். சால்ட் பிறந்தது கடவுச்சொற்களுக்காக, முன்கூட்டியே அரைத்து வைத்த பட்டியலை எதிரி பயன்படுத்த முடியாமல் செய்வதற்காக. இங்கே அவனுக்கு அந்தப் பட்டியலே தேவைப்படவில்லை.

இதெல்லாம் என் ஊகம் என்று எண்ணிவிடாதீர்கள். நியூயார்க் நகரின் 2013-ஆம் ஆண்டு டாக்சிப் பயணத் தரவு, 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள், தகவல் உரிமைக் கோரிக்கையின் பேரில் 2014-இல் வெளியே வந்தது. வண்டி எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் எம்.டி.5 என்ற இன்னொரு முறையில் ஹாஷ் செய்திருந்தார்கள். ஒரே ஒரு ஓட்டுநர் மட்டும் மனிதரால் முடியாத அளவுக்குப் பயணம் போயிருப்பது யாரோ ஒருவர் கண்ணில் பட்டது. விசாரித்தால், அந்தச் சரம் வெறும் பூஜ்ஜியத்தின் எம்.டி.5. எண் பதிவாகாத பயணமெல்லாம் அங்கே குவிந்திருந்தது. நூல் முனை கிடைத்துவிட்டது. விஜய் பாண்டுரங்கன் என்ற மென்பொருள் பொறியாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். நியூயார்க் வண்டி எண்களும் உரிம எண்களும் குறிப்பிட்ட சில வடிவங்களில்தான் இருக்கும், இரண்டும் சேர்ந்தாலே இரண்டரைக் கோடிக்குள். ஹாஷ் கணக்கு சில நிமிடங்களில் முடிந்து, முழுத் தரவும் திறந்துகொண்டது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது: நடிகர்கள் டாக்சியில் ஏறும்போது பத்திரிகைக்காரர்கள் எடுத்த படங்களில் வண்டி எண் தெரிந்தது, அதை வைத்து அவர்கள் எங்கே இறங்கினார்கள், எவ்வளவு டிப்ஸ் கொடுத்தார்கள் என்பதுவரை இன்னொரு ஆய்வாளர் எடுத்துக்காட்டினார்.

கைபேசி எண்களைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் வியூர்ட்ஸ்பர்க், டார்ம்ஷ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெசேஜிங் செயலிகள் நம் தொடர்புப் பட்டியலைக் கையாளும் விதத்தை ஆராய்ந்து 2021-இல் முன்வைத்த கட்டுரையில், ஹாஷ் செய்த எண்ணை மில்லி நொடிகளில் மீட்கலாம் என்று செய்தே காட்டினார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ‘ஹாஷ் செய்தால் அடையாளம் போய்விடாது’ என்று 2012-இலேயே எழுதியது. 2024 ஜூலையில் அதையே மறுபடி எழுத வேண்டியிருந்தது. அந்தக் களைப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது.

சரி, எண்ணையே எடுத்துவிட்டால் போதுமா? போதாது. ஆஸ்திரேலிய சுகாதாரத் துறை 2016-இல் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கினரின் மருத்துவக் கட்டண விவரங்களை ஆராய்ச்சிக்கென்று வெளியிட்டது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் கல்னேன், ரூபின்ஸ்டைன், டீக் மூவரும் முதலில் மருத்துவர்களின் குறியீட்டு எண்களை மீட்டுக் காட்ட, துறை தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2017 டிசம்பரில் அதே மூவர், நோயாளியின் எண்ணைத் தொடாமலே, பிரசவம் எப்போது, அறுவைச் சிகிச்சை எப்போது என்பது போன்ற வெளியில் தெரிந்த தகவல்களைப் பொருத்தி ஆட்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று நிறுவினார்கள். நம் பரிசோதனைக் கூடக் கோப்பிலும் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, சோதனை நாள் நான்கும் முழுசாக இருந்தன. ஒரு சிற்றூரில் அந்த நான்கும் ஒத்துப்போக எத்தனை பேர் இருப்பார்கள்? பெரும்பாலும் ஒருவர். தெருவில் எவரைக் கேட்டாலும் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

இனி என்ன செய்ய வேண்டும். டெவலப்பர்களே, இது உங்களுக்கு.

கோப்பு கேட்பவருக்கு ஆளின் அடையாளம் எதற்கு என்று முதலில் கேளுங்கள். பத்துக்கு எட்டு முறை தேவையே இருக்காது. அந்த நெடுவரிசையை நீக்குங்கள். ஹாஷ் செய்யாதீர்கள், நீக்குங்கள்.

ஒரே ஆளின் வரிகளை இணைத்துப் பார்க்க வேண்டும் என்றால் ஆளுக்கு ஒரு ரேண்டம் டோக்கன் கொடுங்கள். எந்த டோக்கன் யாருடையது என்ற அட்டவணை உங்களிடம், வேறொரு பூட்டுக்குள் இருக்கட்டும். ஆதாருக்கு, அதை வழங்கும் யு.ஐ.டி.ஏ.ஐ. அமைப்பு 2017-இலேயே இந்த வழியைத்தான் கட்டாயமாக்கியது: எண் தனி வால்ட்டில், வெளியில் புழங்குவது ரெஃபரன்ஸ் கீ மட்டும். நாளைக்கும் அதே ஆளுக்கு அதே குறியீடு வர வேண்டும், அட்டவணை வைக்க வசதியில்லை என்றால், ரகசியச் சாவி ஒன்றைக் கலந்து ஹாஷ் செய்யும் ஹெச்மேக் முறையைப் பயன்படுத்துங்கள். அதற்கான ரகசியச் சாவி கோடில் இருக்கக் கூடாது, கிட்டில் இருக்கக் கூடாது, கோப்போடு போகவே கூடாது. பெறுபவர் மூவர் என்றால் சாவியும் மூன்று. இல்லையென்றால் மூவரும் கோப்புகளைச் சேர்த்துவைத்துப் பார்த்துவிடுவார்கள். இவ்வளவு செய்த பிறகும் அது புனைபெயர்தான், அடையாளம் அழிந்துவிடவில்லை. தலைப்பில் ‘அனானிமஸ்’ என்று எழுதாதீர்கள்.

பிறந்த தேதியை வயது வரம்பாக்குங்கள். அஞ்சல் குறியீட்டில் முதல் மூன்று இலக்கம் போதும். சோதனை நாளை மாதமாக்குங்கள். ஊரில் நான்கு பேருக்கு மட்டுமே செய்த அபூர்வச் சோதனையின் வரிகளை விட்டுவிடுங்கள். கேட்பவருக்கு மொத்த எண்ணிக்கைகளே போதும் என்றால் அட்டவணையாகக் கொடுங்கள். முடிந்தால் டிஃபரென்ஷியல் பிரைவசி முறையில் எண்களைச் சற்றே அசைத்துக் கொடுங்கள். 2006-இல் சிந்தியா டுவர்க்கும் மற்ற மூவரும் வகுத்த கணித முறை அது, அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அதைக் கைக்கொண்டது. அதற்கான மென்பொருள் தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

உரிமையாளர்களே, மருத்துவர்களே, உங்களுக்கு அல்காரிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோப்பு வெளியே போகும் முன் ‘இதை நீங்களே உடைத்துப் பார்த்தீர்களா, என் எண்ணைப் போட்டுக் காட்டுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யாததற்கான அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அதைச் சொல்லிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. உங்களை நம்பிக் கையை நீட்டி ரத்தம் கொடுத்தவர், தனக்கு என்ன சோதனை செய்தார்கள் என்பதை வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவரை நினைத்துச் செய்யுங்கள்.

அந்தக் கூடம் இப்போது நெடுவரிசையை நீக்கிவிட்டது. கோப்பைப் பெற்ற மூன்று நிறுவனங்களுக்கும் அழிக்கச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது. இரண்டு நிறுவனங்கள் அழித்துவிட்டதாக எழுத்தில் கொடுத்துவிட்டன. மூன்றாவது நிறுவனம், கோப்பை ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்திருப்பதாகவும் அவரிடம் கேட்டுச் சொல்வதாகவும் பதில் எழுதியிருக்கிறது.