தஸ்தாவேஜு – ஆவணம்: சொல் விளக்கம்

பத்திரப் பதிவு அலுவலக வாசலில் இன்றும் காதில் விழும் சொல் தஸ்தாவேஜு. பாரசீகத்தில் 'தஸ்த்' என்றால் கை; 'ஆவேஜ்' என்பது பற்றித் தொங்குவதைக் குறிக்கும். வழக்கு என்று வந்தால் கை பற்றிக்கொள்ள ஒரு பிடிமானம் என்பது உட்பொருள். நவாபு ஆட்சியின் அலுவல் மொழியாக இருந்த பாரசீகத்தின் வழியே வந்து, கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அலுவலகங்களான கச்சேரிகளில் நிலைத்துவிட்டது. கையெழுத்தைக் குறிக்கும் தஸ்கத்தும் அதே 'தஸ்த்' வழி வந்ததே.

இதற்கு நேரான தமிழ்ச் சொல் ஆவணம். யாரும் அண்மையில் உருவாக்கிய மாற்றுச் சொல் என்று எண்ண வேண்டாம். அகநானூறு 77ஆம் பாட்டில் 'கயிறுபிணிக் குழிசி ஓலை கொண்மார், பொறிகண்டு அழிக்கும் ஆவண மாக்கள்' வருகிறார்கள். கயிற்றால் கட்டிய குடத்தின் மேலுள்ள இலச்சினை சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகே அதை உடைத்து ஓலையை எடுப்பவர்கள். பழைய இலக்கியத்தில் இச்சொல்லுக்குக் கடைத்தெரு என்ற பொருளும் உண்டு. இங்கே நமக்கு வேண்டியது ஓலையோடு சேர்ந்த பொருள்.

அந்தப் பொருளை முழுமையாகக் காட்டுவது பெரியபுராணம். சுந்தரர் தனக்கு அடிமை என்று ஓலையோடு வந்த முதியவரிடம் வெண்ணெய்நல்லூர் அவையோர் கேட்கிறார்கள்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இம்மூன்றில் ஒன்றைக் காட்டு. வழிவழியாக நடந்துவரும் பழக்கம், எழுத்து, கண்டவர் சாட்சி என்று பொருள். சுந்தரர் கிழித்துப் போட்டது படியோலை, அதாவது நகல்; மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். அவையோர் அதையும் அப்படியே ஏற்கவில்லை. அதை எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட சுந்தரரின் பாட்டன் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் ஒப்பு நோக்குகிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய இந்தக் காட்சியில், பழைய கடிதத்தை எடைபோடும் வரலாற்று ஆய்வாளருக்கு வேண்டிய சொற்கள் எல்லாமே இருக்கின்றன. படியோலை, மூல ஓலை என்ற இரண்டையும் நாம் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

இந்தச் சொற்களை வைத்து ஒரு கடிதத்தைப் பார்ப்போம். வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவர் அஞ்சாமல் மாண்டார் என்பது உண்மையா, கதைப்பாடல்களின் மிகையா? தண்டனையை நிறைவேற்றிய கும்பினிப் படையின் மேஜர் பானர்மன் மறுநாளே சென்னை அரசுக்கு எழுதிய கடிதம் இதற்கு விடை தருகிறது. கூடியிருந்த பாளையக்காரர்கள் முன் கட்டபொம்மன் சிறிதும் கலங்கவில்லை, எட்டயபுரம் பாளையக்காரரை அடிக்கடி வெறுப்போடு நோக்கினார், உறுதியான நடையோடு சாவை நோக்கிப் போனார் என்கிறார் பானர்மன். எழுதியவர் எதிரி, எழுதியது தன் மேலிடத்துக்கு, தூக்கிலிட்டவனைப் புகழ்வதால் அவருக்கு ஆதாயம் எதுவும் இல்லை. நண்பர் ஒருவர் இதையே எழுதியிருந்தால் இவ்வளவு வலு இருந்திருக்காது.

ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு பகுதி உண்டு. மரத்தடிக்குப் போகும் வழியில் கட்டபொம்மன் தன் ஊமைத் தம்பியை எண்ணி மட்டுமே கவலைப்பட்டதாகவும், மரத்தடியை அடைந்ததும் கோட்டையை விட்டு வந்ததற்கு வருந்தியதாகவும், அதைக் காத்து அங்கேயே மடிந்திருக்கலாம் என்று சொன்னதாகவும் வருகிறது. இதை எழுதும்போது பானர்மன், தமக்குத் தெரிவிக்கப்பட்டது என்று குறித்தே எழுதுகிறார். முதற்பகுதி நேரில் கண்ட காட்சி, இது பிறர் சொல்லக் கேட்டது. மேடைப் பேச்சுகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன, கலக்கக் கூடாது. கட்டபொம்மன் மேல் கும்பினி சுமத்திய குற்றங்களுக்கு வந்தால், இத்தகைய கடிதங்கள் மெய்ப்பிப்பது ஒன்றைத்தான்: கும்பினி அப்படிச் சொன்னது. அவர் அவற்றைச் செய்தாரா என்பதற்கு வேறு சான்று தேடவேண்டும்.

ஆவணமும் சான்றும் வேறு வேறு என்பது இங்கே விளங்கும். காப்பகத்துப் பெட்டியில் கிடக்கும் எல்லாமே ஆவணம். நாம் கேட்கும் கேள்விக்கு அது விடை சொன்னால்தான் சான்று. பானர்மன் கடிதம் கட்டபொம்மன் மாண்ட விதத்துக்குச் சான்று. அவர் ஆண்ட விதத்துக்கு ஆவணம் மட்டுமே.

இன்னொன்று. பலர் இக்கடிதத்தை அறிந்தது கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்று நூலின் வழியாக. அந்த நூல் நமக்குப் படியோலை. அதிலிருந்து மேற்கோள் எடுப்பவர் கால்டுவெல் வழி என்று குறிப்பிட்டுவிடுவதே முறை. தம்பியைப் பற்றிய வரிகளை எடுத்தால், 'பானர்மனிடம் சொல்லப்பட்டது' என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.