புகை கலைந்த பிறகும் இருமல் ஏன் நிற்பதில்லை?

பின்னேரம் வளவைக் கூட்டி, மாவிலையும் காய்ந்த பனையோலையும் குவித்து, அதோடு இரண்டு சொப்பிங் பையையும் சேர்த்துக் கொளுத்துவது யாழ்ப்பாணத்தில் வழக்கமான காட்சி. புகை அரை மணித்தியாலத்தில் கலைந்துவிடும். தொண்டைக் கரகரப்பு மட்டும் இரண்டு நாளைக்கு நிற்கும். முட்டு உள்ளவர்களுக்கு இரவில் இழுக்கவும் தொடங்கும். கரித்துகள் உள்ளே சிக்கிக் கிடப்பதால் என்று சொல்வார்கள். அது பாதிக் கதைதான். மூச்சுக்குழாயின் உட்சுவர் கசியத் தொடங்கியிருப்பது மீதிக் கதை.

புகையில் சுயாதீன மூலிகங்கள் எனப்படும், எதையும் ஒட்சியேற்றத் துடிக்கும் துணிக்கைகள் உண்டு. ஒரு சிகரெட் இழுப்பின் வாயுவில் மட்டும், 1க்குப் பின்னால் 15 பூச்சியம் போடுமளவுக்கு அவை இருக்கும். உடம்பும் சும்மா இருப்பதில்லை. நுரையீரலின் உட்பரப்பை மூடிய மெல்லிய திரவத்தில், அவற்றை அடக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் குருதியில் இருப்பதைவிட நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது. அதுவும் தீர்ந்துபோனால் அடி கலங்களுக்கு விழும்.

உட்சுவர்க் கலங்களைப் பக்கத்துக் கலங்களோடு இறுக்கிக் கட்டி வைத்திருப்பவை சில புரதங்கள். ஒட்சியேற்றம் அந்தக் கட்டுகளைக் குலைக்கிறது. கலத்தின் உள்ளிருக்கும் நார்களும் சுருங்கி, கட்டுகளை இழுக்கின்றன. கலம் சாகவே வேண்டியதில்லை. வேலியில் கதியால் எல்லாம் நிற்கும்போதே கட்டு மட்டும் தளர்ந்தாலும் கோழி உள்ளே வந்துவிடும் அல்லவா, அப்படித்தான். வீட்டுத் தூசியில் உள்ள உண்ணிகளின் புரதம், சாதாரண நாளில் சளியோடு வெளியேறிவிடக் கூடியது, இப்போது சுவருக்கு அடியில் இருக்கும் நரம்பு நுனிகளையும் எதிர்ப்புக் கலங்களையும் எட்டுகிறது.

இனி இரத்த ஓட்டம். மூச்சுக்குழாய்ச் சுவருக்கென்று பெருநாடியிலிருந்து தனி வழங்கல் உண்டு. இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய 1 சதவீதம். மூச்சுக்காற்றைச் சூடாக்குவதிலும், சுவரைத் தாண்டி வந்ததை அள்ளிச் செல்வதிலும் அதற்குப் பங்குண்டு. சீண்டப்பட்ட நரம்புகள் ‘சப்ஸ்டன்ஸ் பி’ போன்ற பொருள்களை விட்டதும் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நுண்நாளங்களின் சுவரில் இடைவெளி விழுகிறது, இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா வெளியே கசிகிறது. சுவர் வீங்குகிறது, கசிந்ததில் ஒரு பங்கு காற்றுப் பாதைக்குள்ளும் வந்து சளியோடு கலக்கிறது. புகை போன பிறகும் வரும் இருமலுக்கு இந்த வீக்கமும் கசிவும் முக்கிய காரணங்கள்.

நெடுநாள் புகைப்பவர்களிடம் நடப்பது இதற்கு நேர்மாறு என்றே சொல்லலாம். இரத்தக் குழாய்களை விரியச் செய்யும் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுப்பரொட்சைட்டு என்ற சுயாதீன மூலிகம் பிடித்து, பெரொக்சிநைத்திரைற்று என்ற இன்னொரு நஞ்சாக மாற்றிவிடுகிறது. அதனால் விரிய வேண்டிய நேரத்தில் குழாய்கள் சரியாக விரிவதில்லை. சுவரோ கசிகிறது, கசிந்து வந்ததை அள்ளிப்போகும் ஓட்டமோ மந்தம். சுருட்டு ஊரில் இதைச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள், அது வேறு விஷயம்.

நாம் எரிக்காவிட்டாலும் சில நாள் தப்ப முடியாது. 2022 டிசம்பர் 8ஆம் திகதி யாழ்ப்பாணம் உட்பட நாட்டின் பல இடங்களில் புகைமூட்டம் படிந்து, மறுநாள் பாடசாலைகளை மூடினார்கள்.

உட்சுவரின் கசிவை அளக்கவும் முடியும். சிறிதளவு கதிரியக்கம் உள்ள ஒரு பொருளை நுண்துளிகளாக உள்ளிழுக்கவைத்து, அது நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் எவ்வளவு வேகமாக மறைகிறது என்று பார்ப்பார்கள். பாதி மறையப் புகைக்காதவருக்குச் சுமார் ஒரு மணித்தியாலம் எடுக்கும். புகைப்பவருக்குச் சுமார் 20 நிமிடம். புகைப்பதை விட்டால் சில வாரங்களுக்குள்ளேயே அந்த வேகம் குறையத் தொடங்குகிறது.